உறைக்குள் உப்பு

அத்தியாயம் 3

“இந்த டிரெய்லர் என் வீட்டுச் சமையலறையை விடச் சுத்தமா இருக்கு பாஸ்” என்றான் க்ளைட்.

“உன் சமையலறையை விடக் குப்பைமேடு கூடச் சுத்தமாத்தான் இருக்கும். டார்ச்சை இந்தப் பக்கம் பிடி.”

வெர்னா லாஹ்தி பனியில் மல்லாந்து படுத்தபடி டிரெய்லருக்கு அடியில் நகர்ந்தாள். அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடம் நெடுஞ்சாலை எடை நிலையத்தில் லாரிகளின் அடிவயிற்றைப் பரிசோதித்துவிட்டு, இப்போது ஸ்டர்ஜன் துறை என்ற ஏரிக்கரை ஊரில் துப்பறியும் தொழில் நடத்துகிறாள். க்ளைட் பூஷார் அவளுடைய உதவியாளன். இரண்டு ஆள் அகலம், மூன்று ஆள் பசி, நான்கு ஆள் பேச்சு.

விபத்து நடந்தது போன செவ்வாய்க்கிழமை. மேப்பிள் ஏற்றத்தில், மேலே போய்க்கொண்டிருந்த டிரக்கிலிருந்து இந்த டிரெய்லர் தன் மேலிருந்த படகோடு கழன்றது. பின்னோக்கிச் சறுக்கி வந்து, பின்னால் வந்த காரை அப்பளமாக்கிவிட்டது. காரில் இருந்த ஆர்லீன் கோஸ்கெலா அங்கேயே செத்தாள். டிரக்கை ஓட்டியவன் அவள் புருஷன் எல்வின்.

ஷெரீப்பின் ஆட்கள் அரை மணி நேரத்தில் விஷயத்தை முடித்துவிட்டார்கள். பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு டிரெய்லரின் போல்ட்டுகளை அரித்துவிட்டது. விபத்து. கோப்பு மூடப்பட்டது.

மூட விடாதவள் ஆர்லீனின் தங்கை பெவர்லி. நேற்று வெர்னாவின் அலுவலகத்துக்கு வந்து கோட்டைக் கூடக் கழற்றாமல் சொன்னாள். “விபத்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எல்வின்தான் கொன்னான். நிரூபிச்சுக் கொடுங்க.”

டிரெய்லர் இப்போது ஷெரீப்பின் நிறுத்துமிடத்தில் ஒரு மூலையில் கிடந்தது. அதைச் சுத்தமென்று க்ளைட் சொன்னதில் தப்பில்லை. எல்வின் பழைய படகுகளைப் புதுப்பித்து, ஏரி உருகுவதற்குள் தெற்கே வாங்கியவர்களிடம் கொண்டு சேர்ப்பவன். குளிர்காலச் சாலை என்றால் உப்பு. உப்பு என்றால் எல்வினுக்குப் பேய். கிளம்பும் முன்பு சட்டத்துக்கு மெழுகு, சக்கரங்களுக்கு எண்ணெய், டிரக்கோடு மாட்டும் கொக்கிக்குப் பிளாஸ்டிக் உறை. திரும்பியதும் வெந்நீரால் ஒவ்வொரு இடுக்கையும் கழுவ வேண்டும். ஊரே அவனைக் கேலி செய்யும்.

“க்ளைட், துரு எங்கே இருக்கு?”

“இங்கே. கொக்கியைப் பிடிச்சிருக்கற ரெண்டு போல்ட்டுல.”

“வேற எங்கே?”

அவன் டார்ச்சைக் கடைசி வரை ஓட்டினான். “எங்கேயும் இல்ல.”

“உறை சுத்தியிருந்தது எங்கே?”

“கொக்கி மேல...” க்ளைட் பாதியில் நின்றான். “ஒரு நிமிஷம். உப்பு படக் கூடாதுன்னு மூடின இடம் மட்டும் துரு. தெறந்து கிடந்த இடமெல்லாம் பளபளன்னு இருக்கு. மழைக்கோட்டுப் போட்ட ஆளோட முகம் காஞ்சு கிடக்க, சட்டை மட்டும் நனைஞ்ச மாதிரி.”

“இப்பத்தான் சம்பளத்துக்கு வேலை பார்க்கற.”

கிழிந்து தொங்கிய பிளாஸ்டிக்கை வெர்னா விரல் நுனியால் விலக்கினாள். உள்ளே ஈரத்துணி ஒன்று உருட்டித் திணிக்கப்பட்டிருந்தது. அதன் மடிப்புகளில் வெள்ளை வெளேரென்று உப்புக் கட்டிகள்.

“சாலை உப்பு” என்றான் க்ளைட்.

“நம்ம ஊர்ச் சாலை உப்பு மணலோட கலந்து வரும். மாட்டுச் சாணி நிறத்துல இருக்கும். இது வீட்டு நிலவறையில, தண்ணியை மென்மையாக்கற வாட்டர் சாஃப்ட்னர் மெஷினுக்குப் போடற உப்பு. சாலையில இருந்து தெறிச்சு வரல. யாரோ கையால வச்சிருக்காங்க.”

உடைந்த போல்ட்டின் முகத்தை அவள் கையுறையால் துடைத்தாள். துருவுக்கு அடியில் முக்கால் பங்கு தட்டையாக, நேர்கோடாக இருந்தது. மிச்சம் கால் பங்கு மட்டும்தான் பிய்ந்திருந்தது.

“ரம்பத்தால அறுத்திருக்காங்க. பாதுகாப்புச் சங்கிலியும் இந்த போல்ட்டுலதான் மாட்டியிருக்கு. அதுவும் சேர்ந்து போச்சு. புதுசா அறுத்த இரும்பு பளிச்சுன்னு காட்டிக் கொடுத்துடும். அதுக்குத்தான் உப்பு. வெட்டுக்கு வயசு ஏத்தியிருக்காங்க.”

“என் மாமியார் பவுடர் பூசி வயசைக் குறைப்பாங்க. இது அதுக்குத் தலைகீழ்.”

வெர்னா சிரிக்கவில்லை. கிழிந்த உறையில் ஒட்டியிருந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சாம்பல் நிற டேப், கோணல் மாணலாக. அதற்கு மேல் கறுப்பு டேப், அளந்து சுற்றியது போல. கறுப்பு டேப்பின் நுனி, பிறகு பிரிக்க வசதியாக முக்கோணமாக மடிக்கப்பட்டிருந்தது. அவள் அதை உறையோடு வெட்டிக் காகிதப் பையில் போட்டுக்கொண்டாள்.

“அவ்வளவுதானே பாஸ்? உப்பைப் பத்தி இந்த ஊர்ல எல்வினை விடத் தெரிஞ்சவன் கிடையாது. டிரெய்லர் கழண்டா பின்னால வர்ற கார்தான் காலி. அவன் முன்னால, அவ பின்னால. கைவிலங்கை எடுத்துட்டு வரட்டுமா?”

“முதல்ல சாட்சியைப் பார்ப்போம். அவ காருக்குப் பின்னால ஒரு பனி தள்ளும் லாரி வந்திருக்கு.”

* * *

லெஸ்டர் மாக்கி அந்த லாரியின் ஓட்டுநர். சாலைத்துறைக் கொட்டகையில், மலை மாதிரி குவிந்த உப்புக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். ஒரு வாரமாகச் சவரம் செய்யவில்லை. விபத்துக்குப் பிறகு லாரிச் சாவியைத் தொடவும் இல்லை.

“ஷெரீப் ஆளுங்ககிட்டச் சொல்லிட்டேன்” என்றான்.

“என்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க லெஸ்டர். அவங்க கேட்காததைக் கேட்கறேன். ஆர்லீன் டிரெய்லருக்குப் பின்னால எவ்வளவு தூரத்துல வந்தா?”

“தூரம்னா... ரொம்பத் தூரம். அந்தப் படகு அகலம். எதிர்ல வர்றவனுக்கு இடம் போதாது. பின்னால காவலுக்கு வர்ற கார், வேற யாரும் நடுவுல நுழையாம ஒட்டித்தான் வரணும். இவ கால் மைல் தள்ளி வந்தா. நான் பின்னால மாட்டிக்கிட்டேன்.”

“அப்புறம்?”

“ஏத்தத்துக்கு அடியில எல்வின் டிரக்கை நிறுத்திட்டு இறங்கி வந்தான். அவ கார் வர்ற வரைக்கும் நின்னான். ஜன்னல் கிட்டக் குனிஞ்சு என்னமோ கேட்டான். அவ இல்லைன்னு தலையை ஆட்டினா. அவன் திரும்பிப் போய் டிரக்கை எடுத்தான்.”

“அவ?”

லெஸ்டர் உப்புக் குவியலைப் பார்த்தான். “அவ நகரல. அங்கேயே நின்னுக்கிட்டிருந்தா. எனக்கு ஏத்தம் பூரா பனி தள்ளற வேலை பாக்கி. ஹாரன் அடிச்சேன். முதல்ல லேசா. அப்புறம் நல்லா அழுத்தி அடிச்சேன். கண்ணாடியில என்னைப் பார்த்தா. கையைக் கையை ஆட்டினா, ‘நீ தாண்டிப் போ’ங்கற மாதிரி. அந்த இடத்துல எங்கே தாண்டறது? மறுபடி அடிச்சேன். போனா.”

லெஸ்டர் வெர்னாவை நிமிர்ந்து பார்த்தான்.

“அவளை நான்தானே மேல விரட்டினேன் வெர்னா?”

“இல்ல. உங்களுக்கு எதுவும் தெரியாது.” அவள் எழுந்தாள். “கடைசியா ஒண்ணு. எப்பவும் எல்வின்தான் டிரக் ஓட்டுவானா?”

“எல்வினா?” லெஸ்டர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. “ஆர்லீன் மரம் ஏத்தற லாரி ஓட்டினவ. இருபத்தாறு வருஷமா அவதான் இழுப்பா. அவன் கார்ல பின்னால வந்து சக்கரத்தையும் படகையும் கவனிச்சுப்பான். அன்னைக்கு மட்டும்தான் மாறி உட்கார்ந்திருந்தாங்க.”

வெளியே வந்து இருவரும் வண்டியில் ஏறினார்கள்.

“பாஸ், எனக்குப் புரியறதுதான் உங்களுக்கும் புரியுதா?”

“சொல்லு.”

“அந்த போல்ட்டை அறுத்தவங்க கார்ல வர்ற ஆளைக் கொல்லத்தான் அறுத்தாங்க. எப்பவும் கார்ல வர்றது எல்வின். அப்போ அறுத்தது... செத்துப் போனவளே.”

“கால் மைல் தள்ளி வந்தா. ஏத்தத்துக்கு அடியில நகர மாட்டேன்னு நின்னா. சாவு எந்தப் பக்கத்துல இருந்து வரும்னு தெரிஞ்சவங்கதான் அப்படி வருவாங்க.”

“அப்புறம் ஏன் அந்தக் கார்ல ஏறினா?”

“அதைத்தான் அவ புருஷன்கிட்டக் கேட்கப் போறோம்.”

* * *

எல்வின் கோஸ்கெலாவின் படகுக் கொட்டகையில் தரையில் விழுந்த கடுகைக் கூடத் தேடி எடுத்துவிடலாம். சுவரில் கருவிகள் உயரவாரியாகத் தொங்கின. எல்வின் ஒரு வெள்ளைத் துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தான். ஒல்லியான ஆள். மெதுவான குரல்.

பெவர்லியும் அங்கே இருந்தாள். அக்காவின் துணிமணிகளை எடுக்க வந்தவள், ஒரு பெட்டியோடு வாசலில் நின்று அவனைக் கண்ணால் எரித்துக்கொண்டிருந்தாள்.

க்ளைட் குளிரில் கையைத் தேய்த்தான். “பாஸ், இங்கே மூணு பேர் முகத்தைப் பார்த்தாலே என் பாஸ்டி இன்னும் ஆறிடும். மத்தியானத்துல இருந்து பட்டினி.” கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த அந்தப் பாஸ்டி இல்லாமல் அவனுக்குத் துப்பு துலங்காது.

“எல்வின், அன்னைக்கு ஏன் மாறி உட்கார்ந்தீங்க?” என்று வெர்னா கேட்டாள்.

துணி ஒரு கணம் நின்றது. “டிரக்ல ஹீட்டர் போயிடுச்சு. ஆர்லீனுக்கு ஒரு வாரமா இருமல். நீ சூடான கார்ல வா, நான் நடுங்கிக்கிட்டு ஓட்டறேன்னு சொன்னேன்.” அவன் குரல் உடைந்தது. “அவளுக்கு நல்லது பண்றதா நெனச்சேன்.”

“நல்லதா?” பெவர்லி பெட்டியைத் தரையில் போட்டாள். “இவன் வாயில அந்த வார்த்தை! வெர்னா, எங்க அக்கா கையை நீங்க பார்த்திருக்கீங்களா? ஒவ்வொரு தடவையும் ஊர் திரும்பினதும், பூஜ்யத்துக்குக் கீழ குளிர்ல இந்த டிரெய்லருக்கு அடியில படுத்து அவதான் கழுவணும். இவன் அந்த வெள்ளைத் துணியை எடுத்துக்கிட்டு வந்து தடவிப் பார்ப்பான். துளி உப்பு ஒட்டினா முதல்ல இருந்து கழுவணும். விரல் இடுக்கெல்லாம் வெடிச்சு ரத்தம் வரும், அந்தப் புண்ணுல உப்புத் தண்ணி. இருபத்தாறு வருஷம்!”

“வேலைன்னா சுத்தமா இருக்கணும்” என்றான் எல்வின் அமைதியாக.

வெர்னா பெவர்லியிடம் திரும்பினாள். “அந்தக் கோபம்தான் காரணம் பெவர்லி. போல்ட்டை அறுத்தது உங்க அக்கா. நிலவறை உப்பைத் துணியில சுத்தி வச்சதும் அவதான். செத்திருக்க வேண்டியவர் இவர்.”

பெவர்லி கீழே கிடந்த பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

எல்வின் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்தான். “ஆர்லீனா? என்னையா? அய்யோ, நான்... நான் பாவி, அவளைச் சூடா வச்சுக்கணும்னு...”

கதவு திறந்தது. க்ளைட் வாய் நிறைய மென்றபடி வந்தான். கையில் இருந்த மிச்சப் பாஸ்டியிலிருந்து ஆவி பறந்தது.

வெர்னா அந்த ஆவியைப் பார்த்தாள். “அது எப்படிச் சூடாச்சு?”

“வாசல்ல இவரோட டிரக் நிக்குது, சாவியும் அதுலயே இருந்துச்சு. சும்மா உட்கார்ந்து சாப்பிடலாம்னு ஏறினேன். ஹீட்டரைப் போட்டு அது மேல வச்சேன். என்னா அனல் பாஸ்! ரெண்டு நிமிஷத்துல நாக்கு வெந்துடுச்சு.”

எல்வின் முகத்திலிருந்து கையை எடுத்தான். அவன் கண்களில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“சரி பண்ணிட்டேன்” என்றான்.

“எப்போ?”

“நேத்து.”

“நேத்து டிரக் ஷெரீப்போட இடத்துல பூட்டிக் கிடந்தது எல்வின். இன்னைக்குக் காலையிலதான் கொண்டு வந்து விட்டாங்க. அவங்க கட்டின சீட்டு இன்னும் கண்ணாடியில ஆடுது, உள்ளே வரும்போது பார்த்தேன்.” அவள் காகிதப் பையைப் பிரித்து, வெட்டிய உறையை மேசையில் வைத்தாள். “உள்ளே சாம்பல் டேப். கை நடுங்கிக்கிட்டே சுத்தினது. ஆர்லீன். அதுக்கு மேல கறுப்பு டேப். நுனி மடிச்சிருக்கு.”

க்ளைட் மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தான். குழாய்கள், பெயிண்ட் டப்பாக்கள், கயிற்றுச் சுருள்கள். எல்லாவற்றிலும் கறுப்பு டேப். எல்லா நுனியும் முக்கோணமாக மடித்திருந்தது.

“நீங்க அதைப் பிரிச்சுப் பார்த்திருக்கீங்க. மறுபடி மூடியிருக்கீங்க. அப்புறம்தான் அவளுக்குச் சூடான காரைக் கொடுத்தீங்க.”

எல்வின் வெள்ளைத் துணியை நான்காக மடித்து மேசை மேல் வைத்தான்.

“சாம்பல் டேப்பை நான் வாங்கறதே இல்ல” என்றான். “செவ்வாய்க்கிழமை காலையில கிளம்பறதுக்கு முன்னால பார்த்தேன். பிரிச்சேன். பத்து நிமிஷம் அந்த உப்பைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். என் டிரெய்லர்ல உப்பு வச்சிருக்கா.”

“உங்களைக் கொல்லப் பார்த்தாங்கறதை விட அதுதான் உங்களுக்குச் சுட்டுச்சா?”

எல்வின் மடித்த துணியின் ஓரத்தை நேராக்கினான். “அவளுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன் வெர்னா. அவகிட்டக் கார்ச் சாவியைக் கொடுக்கும்போது அவ முகம் போன போக்கைப் பார்க்கணும். இருந்தும் வாய் திறக்கல. ஏத்தத்துக்கு அடியில நிறுத்தி இறங்கிப் போய்க் கேட்டேன். ‘ஆர்லீன், என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?’ன்னு. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே கழட்டிப் போட்டுட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருப்பேன்.”

“அவ இல்லைன்னு தலையாட்டினா.”

“‘ஒண்ணும் இல்ல, நீ கிளம்பு’ன்னா. சிரிச்சா. கீழேயே நின்னுக்கலாம், நான் மட்டும் போவேன், டிரெய்லர் காலி ரோட்டுல விழும்னு அவ நெனப்பு. நான் மெதுவாப் போனேன். பனி தள்ளற லாரி வர்றதைக் கண்ணாடியில பார்த்துட்டேன். அவளை நிக்க விடாதுன்னு தெரியும்.”

“மெதுவாப் போனா போல்ட் அறாதே” என்றாள் வெர்னா.

“அறாது.” அவன் அவளை நேராகப் பார்த்தான். “பாதி ஏத்தத்துல, அவ பின்னால வந்து சேர்ந்ததும், ஒரு தடவை நிறுத்தினேன். அப்புறம் ஆக்ஸிலரேட்டரை மொத்தமா மிதிச்சேன்.”

க்ளைட் பாஸ்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டான். வெர்னாவுக்குத் தெரிந்து அவன் சாப்பாட்டைக் குப்பையில் போட்டது அதுதான் முதல் தடவை.

“ரம்பம் என்னுது இல்ல. உப்பு என்னுது இல்ல” என்றான் எல்வின். “நான் ஹீட்டர் கெட்டுப் போச்சுன்னு ஒரு பொய் சொன்னேன். அவ்வளவுதான்.”

“மிதிச்ச கால் உங்களுது.”

பெவர்லி அழுதுகொண்டே சிரித்தாள். “நான் சொன்னேன் இல்ல? நான் சொன்னேன் இல்ல? இவன்தான் கொன்னான்னு!” அவள் வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இவன் பண்ணதை மட்டும் எழுதுங்க. அக்கா பேரை இழுக்காதீங்க. செத்தவளைப் போய் எதுக்கு?”

வெர்னா கையை விடுவித்துக்கொண்டாள்.

“ஷெரீப் விபத்துன்னார். ஊரே விபத்துன்னுச்சு. லெஸ்டர் தன் ஹாரன்தான் காரணம்னு சோறு தண்ணி இல்லாமக் கிடக்கறான். நீங்க ஒருத்தர்தான் வந்ததுமே கொலைன்னு அடிச்சுச் சொன்னீங்க. எப்படி?”

“அவன் குணம் எனக்குத் தெரியும்...”

“குணம் தெரிஞ்சா சந்தேகம் வரும். உங்களுக்குச் சந்தேகமே இல்ல. போல்ட் அறுத்திருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். யாருக்காக அறுத்ததுன்னும் தெரியும். அந்தக் கார்ல உங்க அக்கா உட்கார்ந்தான்னு கேட்டதும், மாத்தி உட்கார வச்சது யாருன்னு உங்களுக்கு உடனே புரிஞ்சுடுச்சு. உங்களுக்கு மட்டும்தான் புரிஞ்சிருக்க முடியும்.”

எல்வின் தலையைத் திருப்பி, முதல் முறையாக அவளை ஆர்வத்தோடு பார்த்தான்.

“அக்கா விரல் வெடிச்சு ரத்தம் வரும்னு நீங்களே சொன்னீங்க” என்றாள் வெர்னா. “அந்தப் புண்ணு விரலை வச்சுக்கிட்டு ரெண்டு போல்ட்டைத் தனியா அறுத்திருக்க முடியாது.”

“அவ கேட்டா” என்றாள் பெவர்லி. குரல் கிசுகிசுப்பாக வந்தது. “கையைக் காட்டிக் காட்டி அழுதா. நான் கொஞ்சம்தான்... அவ விளக்கைப் பிடிச்சா. நான் அறுத்தேன்.”

எல்வின் சிரித்தான். சத்தமில்லாத, சுத்தமான சிரிப்பு.

க்ளைட் போனை எடுத்து எண்ணை அழுத்தி, வெர்னாவிடம் நீட்டினான். எதிர்முனையில் ஷெரீப் ஹலோ சொன்னார்.

“வெர்னா பேசறேன். கோஸ்கெலாவோட கொட்டகைக்கு ஆளை அனுப்புங்க” என்றாள். “சின்ன கார் வேண்டாம். ரெண்டு பேரைத் தனித்தனியா உட்கார வைக்கற மாதிரி வண்டி வேணும்.”